"சாதனை படைத்தல்": பொருளும் பயன்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, இராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் ஏதேனும் ஒரு பதாகையில் "சாதனை படைத்த" என்ற தொடர் கண்ணில் படும். பள்ளித் தேர்வு முடிவு, சிலம்பப் போட்டி, பாய்மரப் படகுப் போட்டி, பாக் நீரிணை நீச்சல், மீன் ஏலம் என்று எதற்கும் இதே தொடர்தான். விழா அழைப்பிதழ் எழுதும் ஆசிரியர்களும் உள்ளூர்ச் செய்தியாளர்களும் பதாகைக்கு வாசகம் எழுதித் தருவோரும் இத்தொடரைப் பற்றி வழக்கமாக எழுப்பும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

"சாதனை படைத்தார்" என்பதற்குச் சரியான பொருள் என்ன?

இன்றைய எழுத்துத் தமிழில் இத்தொடர் இரண்டு பொருள்களைச் சுமக்கிறது. பிறரால் எளிதில் ஆகாத அரிய செயலைச் செய்து முடித்தல் என்பது ஒன்று. அளந்து குறித்து வைக்கப்பட்ட முந்தைய உச்சத்தைத் தாண்டிப் புதிய உச்சத்தைத் தொடுதல் என்பது மற்றொன்று. பேச்சில் இரண்டாவதை "ரெக்கார்டு" என்று சொல்லிப் பிரித்துக்கொள்கிறோம். எழுத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் நிற்பதால்தான் குழப்பம் வருகிறது.

இரண்டுக்கும் நம் கடற்கரையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் பாம்பன் ரயில் பாலத்தின் பெரும்பாலான இரும்பு உத்தரங்களைக் கடலுக்குள் தள்ளியது. சீரமைக்க ஆறு மாதம் ஆகும் என்று ரயில்வே கணக்கிட்ட அந்த வேலையை, கடலடியில் கிடந்த உத்தரங்களைத் தேடியெடுத்து மீண்டும் பொருத்தி, இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரனின் குழு 46 நாளில் முடித்தது. அந்த 46 நாள் எந்த முந்தைய கணக்கையும் முறியடிக்கவில்லை. ஒப்பிடுவதற்கு அப்படியொரு கணக்கே கிடையாது. ஆனாலும் அதைச் சாதனை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? இது முதற்பொருள்.

1966இல் மிகிர் சென் ஒரே ஆண்டில் ஐந்து நீர்ப்பரப்புகளை நீந்திக் கடந்தார். அவற்றுள் பாக் நீரிணையும் ஒன்று. 1994இல் பள்ளி மாணவரான குற்றாலீசுவரன் ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்தார். ஐந்து, ஆறானது. இது இரண்டாம் பொருள். எழுதுகிறவர் எந்தப் பொருளில் எழுதுகிறோம் என்பதைத் தமக்குள் முடிவு செய்துகொண்டு எழுதினால், கீழே வரும் ஐயங்களில் பாதி எழவே எழாது.

"சாதனை" என்ற சொல் எப்போதும் புகழ்ச்சியாகவே இருந்து வந்துள்ளதா?

இல்லை. "தான் சொன்னதே சரி என்று சாதித்தான்", "கடைசி வரை மௌனம் சாதித்தாள்" என்ற வழக்குகளில் புகழ்ச்சி இல்லை. பிடித்த பிடியை விடாமை மட்டுமே இருக்கிறது. இச்சொல்லுக்கு உறவான "சாதனம்" கருவியையும் குறிக்கும், ஆவணத்தையும் குறிக்கும். கொடை கொடுத்ததற்கு எழுதித் தரும் பத்திரத்துக்குத் "தான சாதனம்" என்று பெயர். விடாப்பிடியும் எழுத்துச் சான்றும் இச்சொல்லின் குடும்பத்தில் பழையவை. மாலையும் கைதட்டலும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

"முதலாவது" என்பதும் "மிக அதிகம்" என்பதும் ஒரே வகைச் சாதனைகளா?

இரண்டும் வேறு. செய்திகளில் இவை கலந்துவிடுவதுதான் மிகப் பெரிய பிழை என்பது என் எண்ணம்.

முதலாவது என்பதை எவராலும் முறியடிக்க முடியாது. மிக நீளம், மிக வேகம், மிக அதிகம் ஆகியவை நாளைக்கே கைமாறக்கூடியவை. பாம்பன் பழைய பாலத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1914 பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்ட அது இந்தியாவின் முதல் கடற்பாலம். இன்னும் நூறு பாலங்கள் வந்தாலும் அந்தத் தகுதி அதைவிட்டுப் போகாது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள அதே பாலம் நாட்டின் மிக நீளமான கடற்பாலமாகவும் பல பத்தாண்டுகள் சொல்லப்பட்டு வந்தது. 2009இல் மும்பையில் பாந்த்ரா–வோர்லி கடற்பாலம் திறக்கப்பட்டதும் அந்தப் பெயர் அங்கே போய்விட்டது. அதன் பின்னரும் இராமேசுவரத்துக்கு வரும் சுற்றுலாப் பயணிகளிடம் "இந்தியாவிலேயே நீளமான கடற்பாலம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களைக் கேட்டிருக்கிறேன். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பள்ளியில் அப்படித்தான் படித்தார்கள்.

2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே மேலெழும்பிக் கப்பல்களுக்கு வழி விடுகிறது. அதை "இந்தியாவின் முதல் செங்குத்துத் தூக்குக் கடற்பாலம்" என்று எழுதுவது நிலைத்து நிற்கும் வாசகம். எதிர்காலத்தில் இதைவிட நீண்ட தூக்குப் பகுதி கொண்ட பாலம் வேறெங்கேனும் எழுந்தாலும் இவ்வாசகம் பொய்யாகாது.

"முதல்" என்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 ஏவூர்தி 1979 ஆகஸ்டில் தோல்வி கண்டு, 1980 ஜூலை 18ஆம் நாள் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. உலகில் அதற்கு முன்பே சில நாடுகள் இதைச் செய்திருந்தன. இந்தியா சொந்த ஏவூர்தியில் செய்தது அதுவே முதல் முறை. "இந்தியாவின் முதல்" என்ற இரண்டு சொற்களை விட்டுவிட்டால் செய்தியே மாறிவிடும்.

சாதனைச் செய்தியில் எவை கட்டாயம் இடம்பெற வேண்டும்?

என்ன அளக்கப்பட்டது, எந்த எல்லைக்குள் (ஊரா, மாவட்டமா, நாடா, உலகமா, எந்த வயதினர், எந்தப் பிரிவு), இதற்கு முன் உச்சம் யாரிடம் எவ்வளவாக இருந்தது, எந்த நாளில் நிகழ்ந்தது ஆகியவை வேண்டும். இவை இல்லாத "சாதனை படைத்தார்" பாராட்டுரையாக இருக்கலாம், செய்தியாகாது.

நடைமுறையில் இந்த விவரங்கள் எங்கே தொலைகின்றன என்பதை அறிய விரும்பினால் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறுக்கு நாலு அடிப் பதாகை. மாணவியின் படம் நடுவில், தலைவர்கள் மேலே, வாழ்த்தும் நண்பர்கள் கீழே இரண்டு வரிசையாக. கணினியில் வேலை பார்க்கும் தம்பி ஒவ்வொரு முகமாக ஒட்டிக்கொண்டே வருகிறார். "14 வயதுக்குட்பட்டோர் பிரிவில், மாவட்ட அளவிலான 200 மீட்டர் ஓட்டத்தில்" என்ற வரி வரும்போது இடம் தீர்ந்துவிடுகிறது. "அண்ணே, இடம் பத்தலை. 'ஓட்டப்பந்தயத்தில் சாதனை படைத்த'ன்னு மட்டும் போட்டுருவோமா?" என்று கேட்கிறார். வந்தவரும் தலையாட்டுகிறார். வாழ்த்துவோரில் ஒரு முகத்தைக் குறைத்திருந்தால் அந்த வரி தப்பியிருக்கும்; ஆனால் எந்த முகத்தைக் குறைப்பது என்பது ஊர்ப் பிரச்சினை.

கடல் நீச்சலில் விவரம் இன்னும் முக்கியம். தலைமன்னார்–தனுஷ்கோடி வழியில் நீந்துவோர் இரு நாட்டு அனுமதியும் பெற்று, இங்கிருந்து படகில் தலைமன்னார் போய், பெரும்பாலும் இருட்டிலேயே கடலில் இறங்குகிறார்கள். உப்பு நீர் தோலை அரிக்காமலிருக்க உடம்பில் கிரீஸ் பூசியிருப்பார்கள். துணைப்படகு பக்கத்திலேயே வரும். ஆனால் அதைத் தொடக் கூடாது, பற்றிக்கொண்டு ஓய்வெடுக்கக் கூடாது. குடிநீரும் கஞ்சியும் எட்ட இருந்தே நீட்டப்படும், அல்லது கயிற்றில் கட்டி வீசப்படும். வாங்கிக் குடித்துவிட்டு மீண்டும் நீந்த வேண்டும். இடையில் சொறி என்று கரையில் சொல்லப்படும் ஜெல்லி மீன்கள் படும். தனுஷ்கோடியின் கோடியிலுள்ள அரிச்சல்முனை மணலில் தம் காலால் நடந்து ஏறினால்தான் கடந்ததாகக் கணக்கு. இவற்றைக் கண்காணித்து எழுதி வைக்க ஒருவர் படகில் இருக்க வேண்டும். அவருடைய குறிப்பேடுதான் மறுநாள் வரும் "சாதனை" என்ற சொல்லுக்கு அடிப்படை.

இந்த வழியில் மிகிர் சென் 1966இல் 25 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். 2004இல் பூலா சௌத்ரி ஏறத்தாழ 14 மணி நேரத்தில் கடந்தார். இரண்டு எண்களை மட்டும் பார்த்து ஒருவரை மற்றவரைவிடத் தாழ்த்துவது கடலை அறியாதவர் செய்யும் வேலை. பாம்பன் மீனவர் எவரிடம் கேட்டாலும் சொல்வார்: காற்று எந்தத் திசையில் வீசியது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்தது என்று தெரியாமல் நேரத்தை மட்டும் பேசுவதில் பொருளில்லை. நீச்சல் குளத்தின் 50 மீட்டர் எல்லா ஊரிலும் 50 மீட்டர்தான். பாக் நீரிணையின் 30 கிலோமீட்டர் வரைபடத்தில் மட்டுமே 30 கிலோமீட்டர். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளினால் நீந்துகிறவர் கையால் அடிக்கும் தூரம் அதைவிட மிகுதி.

அப்படியானால் பாக் நீரிணையை முதலில் நீந்தியவர் யார் என்று எழுதுவது?

வழியையும் நாட்டையும் சேர்த்து எழுத வேண்டும். 1954இல் இலங்கைத் தமிழரான மு. நவரத்தினசாமி யாழ்ப்பாணக் கரையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்தி வந்து, நீரிணையைக் கடந்த முதல் மனிதர் என்ற பெயரைப் பெற்றார். தலைமன்னார்–தனுஷ்கோடி வழியில் 1966இல் கடந்த மிகிர் சென் இந்தியர்களுள் முதல்வர். 1971இல் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த வி. எஸ். குமார் ஆனந்தன் போகவும் வரவுமாக 51 மணி நேரத்தில் நீந்தினார். நம் பக்கத்திலும் பெரியவர்கள் அவரை ஆழிக்குமரன் ஆனந்தன் என்றே சொல்வார்கள். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது அவர் உயிரிழந்தார்.

மூவரும் "முதல்வர்" என்ற சொல்லுக்கு வெவ்வேறு அளவில் உரியவர்கள். ஒருவர் பெயரை எழுத மற்றவர் பெயரை அழிக்க வேண்டியதில்லை. இந்தியச் செய்திகளில் நவரத்தினசாமியின் பெயர் அரிதாகவே வருகிறது. கரைக்கு அந்தப் பக்கம் நடந்ததால் மறந்துவிட்டோம் போலும். கோடிக்கரை இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

படைத்தார், நிகழ்த்தினார், புரிந்தார், செய்தார் – எதை எழுதுவது?

நான்கும் சரியே. சாயல்தான் வேறுபடும். ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட களத்தில் நடந்ததற்குப் "படைத்தார்", "நிகழ்த்தினார்" பொருந்தும். 2023 மே மாதம் ஹவானாவில் பிரவீன் சித்திரவேல் மும்முறை தாண்டுதலில் 17.37 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை நிகழ்த்தினார் என்பது நல்ல வாக்கியம். வாழ்நாள் உழைப்புக்குப் "புரிந்தார்" ஏற்றது: "பவளப்பாறை ஆய்வில் சாதனை புரிந்தவர்." "சாதனை செய்தார்" எளிமையானது; அதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.

"சாதனை ஏற்படுத்தினார்" மட்டும் எனக்கு ஒட்டவில்லை. பள்ளம், பாதிப்பு, பரபரப்பு ஆகியவற்றை ஏற்படுத்தலாம்.

"வரலாறு படைத்தார்" என்பது இவை எல்லாவற்றையும்விடக் கனமான தொடர். 2024 டிசம்பரில் குகேஷ் 18 வயதில் உலகச் சதுரங்க வாகையராகி, 22 வயதில் அந்தப் பட்டத்தை வென்றிருந்த காஸ்பரோவின் சாதனையைக் கடந்தார். அதற்கு அத்தொடரைப் பயன்படுத்தலாம். ஒன்றிய அளவிலான கோ-கோ போட்டிக்கும் அதையே பயன்படுத்தினால், அந்தப் பிள்ளைகள் நாளை மாநில அளவில் வெல்லும்போது எழுதுவதற்குச் சொல் மிஞ்சாது.

முறியடித்தல், தகர்த்தல், சமன் செய்தல் ஆகியவற்றில் வேறுபாடு உண்டா?

முறியடித்தல் போர்க்களத்துச் சொல்; பகைவர் படையை முறியடித்ததாகப் படித்த பழக்கத்தில் சாதனைக்கும் வந்தது. முந்தைய அளவைத் தாண்டியதைச் சொல்ல இது போதுமானது. "தகர்த்தெறிந்தார்", "துவம்சம் செய்தார்" போன்றவை மட்டைப்பந்து வர்ணனைக்குச் சரி. பள்ளி ஆண்டறிக்கைக்கு ஆகாது. முன்னவர் மீது மரியாதை குறையாமல் எழுத விரும்பினால் "கடந்தார்", "விஞ்சினார்" என்று எழுதலாம்.

சமன் செய்தல் முற்றிலும் வேறு. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி. டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 நொடியில் ஓடி, நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலத்தை இழந்தார். பதக்கம் போனாலும் அது தேசியச் சாதனையாக நின்றது. 39 ஆண்டுகளுக்குப் பிறகு, 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் கோயம்புத்தூர் வீராங்கனை வித்யா ராம்ராஜ் அதே 55.42 நொடியில் ஓடினார். சில இடங்களில் "உஷாவின் சாதனையை முறியடித்தார்" என்று பேச்சு வந்தது, அது தவறு. சமன் செய்தார். மறுநாள் இறுதிச் சுற்றில் 55.68 நொடியில் ஓடி வெண்கலம் வென்றார். சாதனை அளவில் ஓடிய 1984இல் பதக்கம் இல்லை. அதைவிடச் சற்று மெதுவாக ஓடிய 2023இல் பதக்கம் உண்டு. பதக்கத்தையும் சாதனையையும் ஒரே மூச்சில் எழுதும் செய்தியாளர்கள் இந்த ஓட்டத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

"புதிய சாதனை" என்பது கூறியது கூறலா?

முறியடித்த செய்தியில் பழைய சாதனையும் பேசப்படுவதால் "புதிய" என்பதற்கு வேலை இருக்கிறது. பழையதைக் குறிப்பிடாத இடத்தில் அது தேவையற்றது.

"சாதனைப் படைத்தார்" என்று ஒற்று இட வேண்டுமா?

வேண்டாம். "சாதனையை" என்பதிலுள்ள ஐ உருபு மறைந்து வந்த இரண்டாம் வேற்றுமைத் தொகை இது. அங்கே வல்லினம் மிகாது. ஆகவே "சாதனை படைத்தார்". உருபு வெளிப்பட்டால் ஒற்று வரும்: "சாதனையைப் படைத்தார்." பெயரோடு சேரும்போதும் வரும்: "சாதனைப் பட்டியல்", "சாதனைப் பெண்". நம் பகுதிப் பதாகைகளில் பத்துக்கு ஐந்தேனும் "சாதனைப் படைத்த" என்றுதான் இருக்கின்றன. காதுக்கு அழுத்தமாக ஒலிப்பதால் கை தானாக ஒற்றைப் போட்டுவிடுகிறது.

"உலக சாதனை", "உலகச் சாதனை" என இரண்டும் வழங்குகின்றன. உலகம் என்பதன் மகரம் கெட்டு வருவதால் விதிப்படி "உலகச் சாதனை" சரி; நாளிதழ்களில் ஒற்றில்லாத வடிவமே மிகுதி. ஒரே பக்கத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

மழை, வெயில், விலை ஆகியவற்றுக்கு "சாதனை படைத்தது" என்று எழுதலாமா?

எழுதாமலிருப்பதே நல்லது. சாதனை என்பதற்குள் முயற்சி ஒன்று இருக்கிறது; மழை முயன்று பெய்வதில்லை. "பதிவானது", "உச்சம் தொட்டது" என்று எழுதலாம். 2024 நவம்பர் 20ஆம் நாள் மேகவெடிப்பால் இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து பாயைச் சுருட்டிக் கட்டில் மேல் வைத்தவர்களிடம் போய் "மழை சாதனை படைத்தது" என்றால் என்ன சொல்வார்கள்?

"வரலாறு காணாத" என்ற அடைமொழியிலும் கை அடக்கம் வேண்டும். எந்த வரலாறு? வானிலை நிலையம் அளக்கத் தொடங்கிய நாளிலிருந்தா, எழுதுகிறவரின் நினைவிலிருந்தா? 1964ஐ கண்ணால் பார்த்தவர்கள் இன்றும் இந்தத் தீவில் இருக்கிறார்கள். அவர்கள் முன் "வரலாறு காணாத புயல்" என்று எழுதுவதற்கு முன் ஒரு முறை பழைய அளவைப் பார்த்துவிடலாம்.

மீன் ஏலத்தில் நிலைமை சற்று வேறு. நெட்டி எனப்படும் காற்றுப்பைக்காக விலை போகும் கூறல் மீன் வலையில் அகப்பட்டால் மறுநாள் "சாதனை விலை" என்று செய்தி வருகிறது. ஏலம் கேட்பதில் மனித முயற்சி உண்டுதான். ஆனாலும் முந்தைய உச்ச விலையைக் குறித்து வைத்தவர் எவரும் இல்லாதபோது "நல்ல விலை போனது" என்பதே உண்மைக்கு அருகில் நிற்கும்.

இராமநாதசுவாமி கோயில் மூன்றாம் பிராகாரம் "சாதனை படைத்தது" எனலாமா?

கட்டடமும் மழையைப் போலத்தான். 1212 தூண்களோடு, உலகின் மிக நீளமான கோயில் பிராகாரம் என்று போற்றப்படுவது அது. "பெருமைக்குரியது", "புகழ் பெற்றது" என்று எழுதலாம். சாதனை கட்டியவர்களுடையது, சேதுபதிகளையும் பெயர் தெரியாத கல்தச்சர்களையும் எழுவாயாக வைத்தால் "சாதனை" என்ற சொல் அழகாக உட்காரும்.

எங்கள் பள்ளி நூறு விழுக்காடு தேர்ச்சி. இது சாதனையா?

முதற்பொருளில், உறுதியாக. மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் நின்ற வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் கடற்கரை அரசுப் பள்ளிக்கு அது சிறிய வேலையன்று.

இரண்டாம் பொருளில் பார்த்தால் சிக்கல். நூற்றுக்கு மேல் விழுக்காடு இல்லை. ஆகவே அதை யாரும் முறியடிக்க இயலாது, சமன்தான் செய்யலாம். ஒரே ஆண்டில் பல பள்ளிகள் அதை எட்டுகின்றன. எனவே "தொடர்ந்து ஐந்தாம் ஆண்டாக நூறு விழுக்காடு" என்று தொடர்ச்சியைச் சொன்னால் அது முறியடிக்கத்தக்க அளவாகிறது. அடுத்த ஊர்ப் பள்ளி ஆறு ஆண்டுக்கு முயலலாம்.

கின்னஸ் சான்று இருந்தால்தான் சாதனையா?

இல்லை. கின்னஸ் என்பது பல பதிவேடுகளில் ஒன்று. 1951இல் அயர்லாந்தில் வேட்டைக்குப் போன கின்னஸ் மதுபான நிறுவன நிர்வாக இயக்குநர் சர் ஹியூ பீவர், ஐரோப்பாவில் வேட்டையாடப்படும் பறவைகளுள் மிக வேகமாகப் பறப்பது எது என்ற வாதத்துக்கு எந்த நூலிலும் விடை கிடைக்காததால் தொடங்கி வைத்த நூல் அது. முதற்பதிப்பு 1955இல் வந்தது. தடகளத்துக்கும் நீச்சலுக்கும் அந்தந்த விளையாட்டின் கூட்டமைப்பு ஏற்பதே முதன்மையான சான்று.

ஆனால் கின்னஸ் வைத்திருக்கும் அளவுகோல்கள் பயனுள்ளவை: அளக்க முடிய வேண்டும், பிறர் முறியடிக்க வாய்ப்பு இருக்க வேண்டும், எங்கும் ஒரே விதியில் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும், சரிபார்க்கச் சான்று இருக்க வேண்டும், ஒன்றை மட்டுமே அளக்க வேண்டும். கடைசி விதியில்தான் நம் ஊர் நிகழ்ச்சிகள் பல வழுக்கி விழுகின்றன. "கண்ணைக் கட்டிக்கொண்டு, ஆணிப் பலகை மேல் நின்று, திருக்குறள் சொல்லிக்கொண்டே ஒரு மணி நேரம் சிலம்பம்" என்றால் எதை அளப்பது? நான்கு நிபந்தனைகளை அடுக்கிவிட்டால் போட்டியிட உலகில் வேறு எவரும் இருக்க மாட்டார். போட்டியே இல்லாத இடத்தில் முதலிடம் எளிது. பிள்ளையின் உழைப்பு அதில் உண்மையானது. பணம் பெற்றுக்கொண்டு "உலக சாதனை" என்று அச்சடித்துத் தரப்படும் சான்றிதழ்தான் அந்த உழைப்பைக் கேள்விக்குள்ளாக்குகிறது. சான்றிதழ் தருவோர் முந்தைய அளவையும் கண்காணிப்பாளர் குறிப்பையும் காட்டுகிறார்களா என்று பெற்றோர் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முறியடிக்கப்பட்டுவிட்ட சாதனையை எப்படி எழுதுவது?

காலத்தைச் சேர்த்து எழுத வேண்டும். 2017 பிப்ரவரியில் பி.எஸ்.எல்.வி-சி37 ஒரே ஏவுதலில் 104 செயற்கைக்கோள்களை அனுப்பி, ரஷ்ய ஏவூர்தி ஒன்றின் 37 என்ற எண்ணிக்கையைக் கடந்தது. 2021 ஜனவரியில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 143ஐ அனுப்பியது. இன்றும் சில பொது அறிவுப் போட்டிகளில் 104 உலகச் சாதனையாக நிற்கிறது. "அன்றைய உலகச் சாதனை" என்றோ "2021 வரை நின்ற சாதனை" என்றோ எழுதினால் குறை ஒன்றும் வந்துவிடாது.

நம் மாவட்டத்தின் கமுதியிலும் இதே கதை. 2016இல் 648 மெகாவாட் திறனோடு திறக்கப்பட்ட சூரிய மின் நிலையம், ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் உலகிலேயே பெரியது என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் ராஜஸ்தானின் பட்லா 2245 மெகாவாட்டாக வளர்ந்தது. ஊரில் பலர் இன்னும் கமுதியையே உலகில் பெரியது என்கிறார்கள். கட்டுரைப் போட்டிக்கு எழுதும் மாணவர் "திறக்கப்பட்டபோது" என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளட்டும்.

கேலியாகவும் இத்தொடரைப் பயன்படுத்துகிறோமே, அது சரியா?

பேச்சில் கேலிதான் அதிகம். "பெருசா சாதிச்சுக் கிழிச்சுட்ட", "கின்னஸ்ல போடச் சொல்லவா?" என்று வீட்டில் கேட்காதவர் குறைவு. மூன்று நாள் கடலுக்குப் போய் டீசல் காசுக்குக்கூட மீன் படாமல் திரும்பியவர், கரையில் விசாரிப்பவரிடம் "சாதனை படைச்சுட்டு வந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு வலையை உதறுவார். இவையெல்லாம் பிழையல்ல, மொழி உயிரோடு இருக்கும் இடங்கள். எழுத்தில்தான் எச்சரிக்கை தேவை. குரல் இல்லாததால் வாழ்த்தும் கேலியும் ஒரே மாதிரி தெரியும். "சாதனை படைத்துவிட்டார்!!!" என்று ஆச்சரியக்குறிகளை அடுக்கினால் படிப்பவருக்குச் சந்தேகம் வரும். பதாகைக்கு ஒரு முற்றுப்புள்ளி போதும்.